கேள்வி பதில்: ‘சின் சிட்டி’யின் கறுப்பும் வெள்ளையும்

சென்ற இதழின் திரைக்கலைப் பகுதியில், ஃபிராங்க் மில்லரின் ‘சின் சிட்டி’ என்ற குற்றக் காமிக்ஸ் 2005-இல் திரைப்படமானதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலான கேள்விகள் அந்த ஒரே படத்தைச் சுற்றியே அமைந்திருப்பதால், இம்மாதப் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

காமிக்ஸில் ஒவ்வொரு கோணமும் ஏற்கெனவே வரையப்பட்டுவிட்டது. ஸ்டோரிபோர்டே கையில் கிடைத்துவிட்ட பிறகு இயக்குநருக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது?
*— ஒரு வாசகர், சிவகாசி*

ஸ்டோரிபோர்டு கிடைத்துவிட்டது என்று எண்ணியதால்தான் பல காமிக்ஸ் படங்கள் உயிரில்லாமல் போயின என்பது என் கருத்து. ஸ்டோரிபோர்டு என்பது படப்பிடிப்பில் இருப்பவர்களுக்காக வரையப்படும் வேலைக்குறிப்பு. காட்சி எடுத்து முடிந்ததும் அதன் பயன் தீர்ந்துவிடும். காமிக்ஸ் பக்கமோ தன்னளவில் முழுமையான படைப்பு. அதை வாசிப்பவர் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். அடுத்த கட்டத்துக்குப் போன பிறகும் முந்தைய கட்டம் அவருடைய கண்ணின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. மில்லர் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஓவியத்துக்குக் கொடுத்தால் அந்தக் கணம் பெரியது. அதே பக்கத்தைச் சிறு சிறு கட்டங்களாக நறுக்கினால் நிகழ்ச்சி விரைகிறது அல்லது மூச்சுத் திணறுகிறது. திரையின் அளவு முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை மாறுவதில்லை. ஆகவே, ஓவியர் கட்டத்தின் அளவால் சொன்னதை இயக்குநர் நேரத்தால் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

படத்தின் தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘த கஸ்டமர் இஸ் ஆல்வேஸ் ரைட்’ என்ற, சில பக்கங்களே கொண்ட கதை அது. உயரமான கட்டடம் ஒன்றின் மாடியில் ஒரு பெண் நகரத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். பின்னாலிருந்து வரும் ஆண் அவளுக்கு சிகரெட் கொடுத்துப் பற்றவைக்கிறான், கனிவாகப் பேசுகிறான், அணைத்துக்கொள்கிறான், அணைப்பிலேயே சுட்டுவிடுகிறான். கதை இவ்வளவுதான். திரையில் அவளுடைய உடையும் உதடுகளும் மட்டும் சிவப்பாக இருக்க, மற்றவை கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன. சுடர் அவள் முகத்தருகே வரும்போது கண்கள் பச்சையாக ஒளிர்கின்றன. சுடர் போனதும் அந்தப் பச்சையும் போய்விடுகிறது. அந்த நொடியில்தான் நாம் அவளை உயிருள்ள ஒருத்தியாக முதன்முறை பார்க்கிறோம். அவள் உயிர் போவதற்குச் சில நொடிகளே மிச்சம் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியாது. சுடரின் ஆயுளும் கண்ணின் பச்சையும் ஒன்றாகத் தோன்றி ஒன்றாக மறைவதை அச்சிட்ட பக்கத்தால் காட்ட இயலாது, ஏனென்றால் பக்கத்தில் பச்சை வந்தால் அது வந்தபடியே இருக்கும். இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் மில்லரின் கட்டங்களை மிகுந்த பக்தியோடு பின்பற்றியவர் என்றாலும், இந்த இடத்தில் அவர் சினிமாவுக்கே உரிய ஒன்றைச் சேர்த்தார். இத்தகைய இடங்களுக்காகவே நான் அந்தப் படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.

நான் ஒளிப்பதிவு உதவியாளராக இருக்கிறேன். காமிக்ஸில் உள்ள அந்த முழுக் கறுப்பைத் திரையில் எப்படிக் கொண்டுவந்தார்கள்? கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தார்களா?
*— ஒரு வாசகர், சென்னை*

இல்லை, படம் முழுவதும் வண்ணத்தில்தான் எடுக்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ரோட்ரிகஸுக்குச் சொந்தமான ஸ்டூடியோவில், சோனியின் டிஜிட்டல் கேமராக்களைக் கொண்டு, பெரும்பகுதி கிரீன் மேட்டின் (பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்காக வைக்கும் பச்சைத் திரையின்) முன்னால் எடுத்தார்கள். கையால் கட்டப்பட்ட அரங்குகள் மூன்றே மூன்றுதான்: கேடியின் மதுக்கூடம், ஷெல்லியின் வீடு, கடைசிக் காட்சியில் வரும் மருத்துவமனைத் தாழ்வாரம். மற்ற தெருக்கள், மாடிகள், காடு, பண்ணை எல்லாம் பின்னால் கணினியில் உருவானவை. வண்ணத்தில் எடுத்ததை டிஜிட்டல் முறையில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, தேவையான ஒன்றிரண்டு நிறங்களை மட்டும் மீட்டுக்கொண்டார்கள்.

நீங்கள் கேட்கும் கறுப்பைப் புரிந்துகொள்ள முதலில் மில்லரின் பக்கத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்களில் அநேகமாகச் சாம்பல் நிறமே கிடையாது. காகிதம் வெள்ளை, மை கறுப்பு, இடையில் எதுவும் இல்லை. சாதாரண ஓவியர் உருவத்தின் வெளிக்கோட்டை வரைந்துவிட்டு நிழலைச் சேர்ப்பார். மில்லரோ இடத்தை முழுவதும் மையால் இருட்டாக்கி, வெளிச்சம் படும் பகுதியை மட்டும் காகிதமாகவே விட்டுவைப்பவர். முக்கியப் பாத்திரங்களில் ஒருவனான மார்வ் மழையில் நடந்து வரும் பக்கங்களில் அவனுடைய உடம்பின் கோடு எங்கேயும் வரையப்பட்டிருக்காது. மேலே விழும் மழையின் வெள்ளைக் கீறல்கள்தான் அவன் தோளையும் தாடையையும் நமக்குக் காட்டிக்கொடுக்கின்றன. எதை வரையாமல் விடுகிறார் என்பதே அவருடைய பாணி.

கேமராவுக்கு அப்படி விட்டுவிடத் தெரியாது. முன்னால் நிற்பதையெல்லாம் அது பதிவு செய்துவிடும். 1940-களின் நுவார் படங்களில் (நிழலும் இருட்டும் நிறைந்த அமெரிக்கக் குற்றப் படங்களில்) ஒளிப்பதிவாளர்கள் ஒற்றை விளக்கையும் ஜன்னல் தட்டிகளின் நிழலையும் வைத்து இருட்டை வளர்த்தார்கள் என்றாலும், அந்த இருட்டுக்குள்ளும் ஒரு சுவரும் ஒரு நாற்காலியும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தன. கிரீன் மேட் இந்தச் சிக்கலை ஒரு விதத்தில் தீர்த்தது. பின்னணி என்ற ஒன்று படப்பிடிப்பின்போது இல்லாததால், நடிகரின் இரு பக்கமும் பின்னாலிருந்து வலுவான ரிம் லைட் (உருவத்தின் ஓரத்தை மட்டும் ஒளிரவைக்கும் விளக்கு) கொடுத்து, விளிம்பு வெள்ளையாகவும் உடம்பு கறுப்பாகவும் வரும்படி எடுக்க முடிந்தது. அந்த அறையில் வெளிச்சம் எந்த ஜன்னலிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் மில்லரின் ஓவியத்திலும் வெளிச்சம் கதைக்கு வேண்டிய இடத்திலிருந்துதான் வருகிறது. நுவார் ஓவியத்தின் ஒளியைத் திரைக்குக் கொண்டுவர, ஒளிக்கு நியாயம் கற்பிக்கும் வழக்கத்தைக் கைவிட்டதே இந்தப் படத்தின் பெரிய துணிச்சல் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படம் முழுவதையும் அவர்கள் மைக்கறுப்பிலும் காகித வெள்ளையிலும் வைத்திருக்கவில்லை. முகங்களில் நிறையச் சாம்பல் படிகள் இருக்கின்றன. முழு நிழலுருக்கள் தேர்ந்தெடுத்த சில கணங்களில் மட்டுமே வருகின்றன. நடிகரின் முகத்தசை அசைவதைப் பார்க்காமல் 2 மணி நேரம் உட்கார்ந்திருக்க எந்தப் பார்வையாளராலும் முடியாது. மிக்கி ரூர்க்கின் மார்வ் நம்மைத் தொடுவதற்கு, கனத்த ஒப்பனைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்தக் கண்களும் ஒரு காரணம்.

நிறங்களைக் கையாண்ட விதத்திலும் உங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. காமிக்ஸில் சில கதைகள் கறுப்போடு ஒரே ஒரு வண்ணம் சேர்த்து அச்சிடப்பட்டன. ‘தட் யெல்லோ பாஸ்டர்ட்’ கதையில் வில்லன் மட்டும் மஞ்சள். (கறுப்போடு இன்னொரு மை மட்டும் சேர்த்து இருவண்ணத்தில் ஓட்டுவது சிவகாசி அச்சகங்களுக்கு நெடுநாள் பழக்கம் என்பதால், முதல் கேள்வி கேட்ட வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) திரையில் அந்த மஞ்சள் எளிதாக வரவில்லை. மஞ்சள் பூசிய உடம்பைப் பச்சைப் பின்னணியிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால், நடிகர் நிக் ஸ்டாலுக்கு நீல நிறம் பூசிப் படம்பிடித்து, பிறகு அந்த நீலத்தை மஞ்சளாக மாற்றினார்கள். காமிக்ஸில் ரத்தம் வெள்ளையாகத் தெறிக்கும். வழக்கமான சினிமா ரத்தத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் அது இருண்டுபோகும். ஆகவே ஒளிரும் தன்மை கொண்ட சிவப்புத் திரவத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் எடுத்து, பின்னர் அதை வெள்ளையாக்கினார்கள். அந்தப் படத்தில் நாம் பார்க்கும் மஞ்சள் படப்பிடிப்பில் நீலமாகவும், வெள்ளை ரத்தம் சிவப்பாகவும் இருந்தன. காகிதத்தில் ஓவியர் ஒரு தூரிகை வீச்சில் செய்ததற்கு ஒப்பனையாளரும் விளக்கு போடுபவரும் கணினியின் முன்னால் உட்கார்ந்தவரும் சேர்ந்து இவ்வளவு சுற்றி வர வேண்டியிருந்தது. 2005 கான் திரைப்பட விழாவில் ரோட்ரிகஸுக்குத் தொழில்நுட்பத்துக்கான பரிசு கிடைத்தது முற்றிலும் பொருத்தமானது.

படத்தில் இயக்குநர் என்று இருவர் பெயர் வருகிறதே, ஓவியர் உண்மையிலேயே இயக்கினாரா, மரியாதைக்காகப் போட்ட பெயரா?
*— ஒரு வாசகி, கோயம்புத்தூர்*

மரியாதைக்காகப் போட்ட பெயரென்றால் ரோட்ரிகஸ் அதற்காக அவ்வளவு விலை கொடுத்திருக்க மாட்டார். அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தின் பொது விதி, ஒரு படத்துக்கு ஓர் இயக்குநர் என்பது. சங்கம் ஏற்றுக்கொண்ட இரட்டையர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மில்லர் வரைந்த கட்டங்களே பாதி இயக்கம் என்று உறுதியாக நம்பிய ரோட்ரிகஸ், 2004-இல் சங்கத்திலிருந்தே விலகினார். அதன் விளைவாக, அப்போது அவர் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக இயக்கவிருந்த ஒரு பெரிய படமும் கைநழுவியது. இன்னோர் இயக்குநரான குவென்டின் டாரன்டினோ சிறப்பு விருந்தினராக வந்து, ஒரு கார்ப் பயணக் காட்சியை 1 டாலர் ஊதியத்துக்கு இயக்கியதும் இதே படத்தில்தான். படத்தில் ‘திரைக்கதை’ என்று தனியாக யாருடைய பெயரும் இல்லை என்பதையும் பாருங்கள்.

பின்னணிக் குரல் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருப்பது எனக்குச் சோர்வு தந்தது. இது என் குறையா, படத்தின் குறையா?
*— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்*

படத்தின் குறைதான், எனக்கும் அதே சோர்வு உண்டு. காமிக்ஸில் அந்த வரிகள் கட்டத்துக்குள் எழுத்தாக இருக்கின்றன. ஓவியத்தைப் பார்த்துவிட்டு எழுத்துக்கு வருவதும், எழுத்தைப் படித்துவிட்டு ஓவியத்துக்குத் திரும்புவதும் வாசகரின் விருப்பம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. திரையில் குரலும் காட்சியும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. அமெரிக்கத் துப்பறியும் நாவல்களின் தன்மையொருமை நடை மில்லரின் எழுத்தில் ஊறியிருப்பதால், அதை முழுவதும் நீக்கினால் பாத்திரங்களின் உள்ளம் வெறுமையாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மார்வின் குரல் எனக்கு வேண்டும், ஏனென்றால் அவன் முகத்துக்கும் அவன் மனத்துக்கும் உள்ள தூரத்தை அந்தக் குரல்தான் சொல்கிறது. முதிய போலீஸ்காரர் ஹார்டிகனாக வரும் புரூஸ் வில்லிஸ், நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வலியையே வாயாலும் சொல்லும் இடங்களில் கத்தரி வைத்திருக்கலாம்.

கல்லூரி மாணவர்களுக்குத் திரைப்பட ரசனை வகுப்பு எடுக்கிறேன். இந்தப் படத்தின் அழகை ஒப்புக்கொண்டாலும், பெண்கள் பெரும்பாலும் பாலியல் தொழிலாளர்களாகவோ பலியாகிறவர்களாகவோ வருவதும், வன்முறையை அழகுபடுத்துவதும் என்னை வருத்துகின்றன. வகுப்பில் இதை எப்படிப் பேசுவது?
*— ஒரு பேராசிரியை, திருச்சிராப்பள்ளி*

உங்கள் வருத்தம் நியாயமானது. படத்தின் அழகைச் சொல்லி அதை மறைக்க நான் விரும்பவில்லை. இந்தக் குறை காமிக்ஸிலேயே இருந்தது. பழைய நுவார் படங்களில் ஆணை வீழ்த்தும் பெண் ஆபத்தானவள் என்றாலும், அவளுக்கென்று ஒரு திட்டமும் பசியும் இருந்தன. கதையை நகர்த்துகிறவள் அவள். மில்லரின் நகரத்தில் பல பெண்கள் ஆணின் கோபத்துக்குக் காரணமாக மட்டுமே வந்து போகிறார்கள். ஓல்ட் டவுன் என்ற பகுதியைத் தாங்களே ஆளும் பெண்கள், குறிப்பாக ரொசாரியோ டாசன் நடித்த கெய்ல், இதற்கு ஓரளவு விலக்கு. ஆனால் அவர்களையும் ஓவியரின் கண் உடம்பாகவே பார்க்கிறது.

கட்டத்துக்குக் கட்டம் விசுவாசமாக இருக்கும் தழுவல், மூலத்தின் பார்வையையும் கேள்வி கேட்காமல் சுமந்துகொண்டு வருகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அதோடு, காகிதத்தில் கோடாக இருந்தபோது நாம் கடந்துபோன ஒன்று, உண்மையான நடிகையின் உடம்பில் நிகழும்போது கனம் கூடிவிடுகிறது. வன்முறையைப் பொறுத்தவரை, வெள்ளை ரத்தம் கொடூரத்தைக் குறைக்கிறதா, கூசாமல் பார்க்கப் பழக்குகிறதா என்ற கேள்வியை வகுப்பில் திறந்தே வையுங்கள். எனக்கு இரண்டாவதுதான் உண்மை என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் (17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்பது) பெற்ற படம் இது. முன்னறிவிப்பு இல்லாமல் திரையிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

குற்றக் காமிக்ஸைப் படமாக்க இது ஒன்றுதான் வழியா? இரண்டாம் பாகம் ஏன் எடுபடவில்லை?
*— ஒரு வாசகர், திருநெல்வேலி*

வேறு வழிகள் உண்டு. வாரன் பீட்டியின் ‘டிக் டிரேசி’ (1990), செய்தித்தாள் காமிக்ஸில் இருந்த சில நிறங்களை மட்டும் கொண்டு முழு நகரத்தையும் அரங்காகக் கட்டியது. சாம் மெண்டஸின் ‘ரோட் டு பெர்டிஷன்’ (2002), மேக்ஸ் ஆலன் காலின்ஸ் எழுதி ரிச்சர்ட் பியர்ஸ் ரேனர் வரைந்த நூலிலிருந்து வந்தது. அது ஓவியத்தின் கோட்டைப் பின்பற்றாமல், தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான மௌனத்தை எடுத்துக்கொண்டது. ஜூட் லா நடித்த, பிணங்களைப் புகைப்படம் எடுக்கும் கொலையாளி மூல நூலில் கிடையாது. இரவு மழையில் ஒரு கூட்டமே சுட்டுக் கொல்லப்படும் காட்சியில் துப்பாக்கிச் சத்தமே நமக்குக் கேட்பதில்லை. இசை மட்டும் ஒலிக்கிறது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கான்ராட் ஹாலுக்கு அவர் மறைந்த பிறகு ஆஸ்கர் கிடைத்தது. அச்சிட்ட பக்கத்திலும் சத்தம் கேட்பதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், காமிக்ஸின் ஒரு கட்டத்தைக்கூட நகலெடுக்காத அந்தக் காட்சி காமிக்ஸுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பது புரியும்.

மாறாக, 2008-இல் மில்லர் தாமே தனியாக இயக்கிய ‘த ஸ்பிரிட்’ படத்தைப் பாருங்கள். அதன் மூலம், அவர் ஆசானாக மதித்த வில் ஐஸ்னர் 1940-இல் தொடங்கிய காமிக்ஸ். ஐஸ்னரின் பக்கங்களில் ஈரமான தெருக்களும் சந்து வீடுகளும் எளிய மனிதர்களின் வேடிக்கையும் நிறைந்திருக்கும். அதன்மீது ‘சின் சிட்டி’யின் கறுப்பை எடுத்துப் பூசியதும் ஐஸ்னர் காணாமல் போய்விட்டார். ஓர் ஓவியரின் மையை இன்னொருவரின் கதைக்கு ஊற்ற முடியாது என்பதை, அந்த மைக்குச் சொந்தக்காரரின் படத்தின் மூலமே பார்க்க நேர்ந்தது எனக்கு வேதனையாக இருந்தது.

இரண்டாம் பாகமான ‘எ டேம் டு கில் ஃபார்’ 2014-இல், 9 ஆண்டுகள் கழித்து வந்தது. முதல் படம் ஏறக்குறைய 4 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 15 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது; இரண்டாவது போட்ட முதலையே மீட்கவில்லை. அதற்குள் அந்தத் தோற்றம் விளம்பரங்கள்வரை பரவிப் பழகிவிட்டிருந்தது என்பது ஒரு காரணம். படத்துக்கென்றே புதிதாக எழுதப்பட்ட கதைகளும் அதில் இருந்தன. பல ஆண்டுகள் பக்கத்தில் கிடந்து இறுகிய கதைகளுக்கு இருந்த வலு அவற்றுக்கு இல்லை.

திரைப்படக் கல்லூரி மாணவி நான். ஒரு காமிக்ஸ் கதையைக் குறும்படமாக எடுக்க ஆசை. கையில் பணம் இல்லை, ஒரு பச்சைத் துணியும் இரண்டு விளக்குகளும் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?
*— ஒரு வாசகி, மதுரை*

அனுமதியிலிருந்து தொடங்குங்கள், அம்மா. ‘சின் சிட்டி’யின் உரிமை மில்லரிடமே இருந்தது, திரைக்கதை எழுதிக் கொடுத்த ஹாலிவுட் அனுபவங்களால் மனம் கசந்திருந்த அவர் முதலில் இசையவில்லை. ரோட்ரிகஸ் அவரை ஆஸ்டினுக்கு அழைத்து, மேலே சொன்ன அந்த மாடிக் காட்சியை ஜோஷ் ஹார்ட்நெட், மார்லி ஷெல்டன் ஆகியோரை வைத்து ஒரே நாளில் சோதனையாக எடுத்துக் காட்டினார். பிடிக்காவிட்டால் நண்பர்களுக்குக் காட்ட ஒரு குறும்படமாவது மிஞ்சும் என்பதுதான் அவர் சொன்ன ஏற்பாடு. மில்லர் சம்மதித்தார், அந்தச் சோதனையே படத்தின் தொடக்கமானது. நீங்களும் ஓவியருக்கு எழுதுங்கள். மூன்று பக்கக் கதை ஒன்றை மட்டும் கேளுங்கள்.

பிறகு பச்சைத் துணியை மடித்து வைத்துவிட்டு, உங்கள் காட்சிக்கு அது வேண்டுமா என்று பாருங்கள். பின்னால் தெருவோ கட்டடமோ சேர்க்கப் போவதானால் வேண்டும். அப்போது நடிகரைத் துணியிலிருந்து பல அடி தள்ளி நிறுத்தி, துணிக்குச் சீரான வெளிச்சம் கொடுங்கள், இல்லாவிட்டால் பச்சை அவர் தோளில் படிந்து விளிம்பு கெட்டுவிடும். பின்னணி வெறும் இருட்டுதான் என்றால் ஒரு கறுப்புத் துணியே போதும். ஒரு விளக்கை நடிகருக்குப் பின்னால் பக்கவாட்டில் உயரமாக வையுங்கள், மற்றதை அணைத்துவிடுங்கள். வண்ணத்திலேயே எடுத்து, டிஐ (கணினியில் நிறத்தைச் சீர்செய்யும் வேலை) செய்யும்போது கறுப்பு வெள்ளையாக்குங்கள். சிவப்பு அலைவரிசையைக் கூட்டினால் தோல் வெளுக்கும், நீலத்தைக் கூட்டினால் இருளும் என்பதால் முகத்தை எவ்வளவு கறுக்க வைப்பது என்பது அப்போதும் உங்கள் கையில் இருக்கும். மழை வேண்டுமானால் தோட்டத்துக் குழாயில் துளையிட்ட மூடி ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் அந்த நீர் கேமராவுக்குத் தெரியவே தெரியாது. அதே பின் விளக்கு நீரின் ஊடாக வரும்படி வைத்து, விளக்கையும் மின்கம்பியையும் தண்ணீர் படாத தூரத்தில் தள்ளி வைத்தால், ஒவ்வொரு துளியும் வெள்ளைக் கீறலாக விழும்.